ஒரு லிட்டர் ஆயிலின் வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. மழை நாளில் வீட்டில் உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் காலையில் தேவர்சோலை பஜாரில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் படித்த பையன் ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பையன் என்கிறேன், அவனுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறது. எஸ்டேட்டில் வேலை, மாலையில் பார்சல் டெலிவரி. அந்த வண்டிதான் அவனுக்கு இரண்டாவது சம்பளம். தவணை இன்னும் முடியவில்லை. ஒரு மாதமாகப் புகை தள்ளியது, நேற்று ஏற்றத்தில் நின்றுவிட்டது என்றான்.

பட்டறைக்கு நானும் கூடப் போனேன். மெக்கானிக் தம்பி டிரெயின் நட்டைக் கழற்றினார். ஒரு லிட்டர் இருக்க வேண்டிய இன்ஜினிலிருந்து அரை டம்ளர் விழுந்தது. அதுவும் ஆயிலாக இல்லை, அடுப்பங்கரைப் புகைக்கூண்டுக் கரியைக் கரைத்த மாதிரி இருந்தது. பிஸ்டன், ரிங், போர், ஹெட் வேலை என்று எல்லாம் சேர்த்து அவர் சொன்ன தொகை அவனுடைய இருபது நாள் கூலி.

"எப்பப்பா கடைசியா ஆயில் மாத்தினே?" என்றேன்.

"இலவச சர்வீஸ்ல மாத்தினது சார். அப்புறம் பெட்ரோல் போட்டா ஓடிட்டுத்தானே இருந்துச்சு? ஆயிலும் மாத்தணும்னு யாரும் சொல்லித் தரலையே சார்."

அந்தக் கடைசி வாக்கியம் என்னைக் குத்திவிட்டது. மூன்று பானிபட் போர்களுக்கும் ஆண்டு கேட்டு அவனைப் பெஞ்சு மேல் நிற்க வைத்த வரலாற்று வாத்தியார் நான். அவன் வாழ்க்கையில் பானிபட் ஒரு நாளும் குறுக்கே வரவில்லை. இன்ஜின் வந்துவிட்டது. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தப் பதிவு. எனக்குத் தெரிந்த வழி வரலாறு, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

*

ஓட்டுபவரே ஆயில் பம்ப்

மோட்டார் சைக்கிள் வந்த புதிதில், அதாவது 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இன்ஜினுக்குள் ஆயிலைச் சுற்றவிடும் ஏற்பாடு பெரும்பாலான வண்டிகளில் கிடையாது. டேங்க்கின் பக்கத்தில் சின்னக் கைப்பம்ப் ஒன்று இருக்கும். ஓட்டிக்கொண்டே சில மைலுக்கு ஒரு தடவை அதை அழுத்த வேண்டும். ஒரு அழுத்து ஆயில் உள்ளே போய், வேலை செய்து, எரிந்தும் ஒழுகியும் வெளியே போய்விடும். ஏற்றம் வந்தால் கூட ஒரு அழுத்து. மறந்தால் இன்ஜின் இறுகிவிடும். அளவுக்கு மேல் அழுத்தினால் பின்னால் வருபவர் புகையில் மறைந்துபோவார். ஆக, வண்டி ஓட்டுவது என்றாலே ஆயிலைப் பற்றி நினைத்துக்கொண்டே இருப்பது என்று பொருள்.

அந்த ஆயில் என்ன தெரியுமா? பந்தய வண்டிகளுக்கும் முதல் உலகப் போர் விமானங்கள் பலவற்றுக்கும் நம் ஊர் விளக்கெண்ணெய்தான். ஆமணக்கு எண்ணெய் கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு நழுவாது. 1899-ல் சார்லஸ் வேக்ஃபீல்டு லண்டனில் தொடங்கிய எண்ணெய் நிறுவனம், ஆமணக்கு எண்ணெய் கலந்த ஒரு புதிய ஆயிலைக் கொண்டு வந்தபோது, ஆமணக்குக்கான ஆங்கிலச் சொல்லான 'காஸ்டர்' என்பதிலிருந்தே 'காஸ்ட்ரால்' என்று பெயர் வைத்தது. பாட்டி நம் வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுத்த எண்ணெய்க்கு இப்படியும் ஒரு பெருமை இருந்திருக்கிறது.

நம் மலை ரயிலைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பழைய பழக்கம் புரியும். நீராவி இன்ஜின் ஸ்டேஷனில் நின்றதும் நீண்ட மூக்கு வைத்த ஆயில் கேனோடு ஆள் இறங்குவார். மூட்டு மூட்டாக ஆயில் விடுவார், கை வைத்துச் சூடு பார்ப்பார். குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் வந்த பாதை அது. அந்தப் பழைய இன்ஜின்கள் அத்தனை காலம் மலையேறியதற்கு நல்ல இரும்பு பாதிக் காரணம் என்றால், அந்த ஆயில் கேன் மீதிக் காரணம்.

*

மதராஸிலிருந்து வந்த புல்லட்

நம் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் என்றாலே முதலில் புல்லட்தான். 1950-களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உண்டாக்கியது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து திருவொற்றியூரில் பூட்டப்பட்டன. பிறகு அச்சுகளும் எந்திரங்களும் வந்தன, முழு வண்டியும் இங்கேயே தயாரானது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970 வாக்கில் மூடிவிட்டது. பிள்ளை மட்டும் திருவொற்றியூரில் பிழைத்துக்கொண்டது.

அந்த 350 புல்லட்டின் கணக்கு எனக்கு இன்றும் மனப்பாடம். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. நான் 1979-ல் இங்கே வேலைக்கு வந்தபோது எஸ்டேட் துரைமார், போலீஸ்காரர், ஒன்றிரண்டு கான்ட்ராக்டர்கள் என்று விரல் விட்டு எண்ணும் ஆட்களிடம்தான் அது இருந்தது. அந்த வண்டிகளை எல்லாம் பார்த்துக்கொண்டவர் ஒருவரே. பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை, எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'.

மாஸ்டர் இலங்கையிலிருந்து வந்தவர். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் பிறந்த மண்ணை விட்டுக் கப்பலேறினார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கமெல்லாம் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. 1968-ல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் பிறகு டான்டீ ஆனது. மாஸ்டர் அங்கே தேயிலை ஃபேக்டரியில் டீசல் இன்ஜின் பார்த்தவர். இங்கே கொழுந்துக் காட்டில் நின்றது கொஞ்ச நாள்தான். பிறகு பஜாரில் நான்கு தகரத்தை நிறுத்திப் பட்டறை வைத்துவிட்டார். என்னைக் கடைசி வரை 'சேர்' என்றும், ஆயிலை 'ஒயில்' என்றும்தான் சொன்னார்.

புல்லட்டைப் பிரிக்கும்போது என்னைப் போன்ற வேலையற்ற வாத்தியார்களுக்குப் பாடம் எடுப்பார். அந்தப் பழைய இன்ஜினில் ஆயிலுக்குத் தனி அறை உண்டு. கிராங்க்கின் நுனியில் இருக்கும் வார்ம் கியர் இரண்டு சின்ன பம்ப்களை ஓட்டும். ஒன்று ஆயிலை பிக் எண்டுக்கு அனுப்பும், இன்னொன்று கீழே விழுந்ததைத் திரும்ப இழுக்கும். பிக் எண்டில் மிதக்கும் புஷ். அழுக்கு ஆயில் போனால் முதலில் சாவது அதுதான். "சேர், இந்த எஞ்சின் சத்தத்தால சாகாது, அழுக்கால சாகும்" என்பார்.

டேப்பட் வைப்பதற்கு அவர் சொன்ன முறையும் நினைவிருக்கிறது. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். புஷ் ராடை விரலால் உருட்டினால் தடையில்லாமல் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சத்தம் வரக் கூடாது என்று சிலர் இறுக்கிவிடுவார்கள். அப்படி இறுக்கினால் சூட்டில் பாகங்கள் நீண்டு, வால்வு முழுதாக மூடாது. எரியும் வாயு அந்தச் சந்தில் சீறிப் போய் வால்வின் விளிம்பைத் தின்றுவிடும். "சத்தம் போடுற டேப்பட் காசுதான் கேக்கும். சத்தமே போடாததுதான் வால்வைக் கேக்கும்" என்பது மாஸ்டர் வாக்கு. இன்றைய வண்டிகளில் புஷ் ராட் இல்லாமல் இருக்கலாம். விதி மாறவில்லை.

*

மைசூர் ஜாவாவும் என் மடத்தனமும்

மைசூரும் நமக்கு அதிக தூரமில்லை. அதனால் மைசூர் வண்டியும் நம் சாலைக்கு இறங்கியது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவாவை மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1960-களின் தொடக்கத்திலிருந்து தயாரித்தது, பிறகு எஸ்டி என்ற பெயரில். கிக்கரும் கியரும் ஒரே லீவர். உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு அதையே முன்னால் மடக்கிக் கியர் போடுவார்கள். வடக்கே எஸ்கார்ட்ஸ் கம்பெனி போலந்து வண்டியை மாதிரியாக வைத்து ராஜ்தூத் செய்தது. ஓசூரிலிருந்து 1980-ல் டிவிஎஸ் 50 வந்தது. இவை எல்லாம் டூ ஸ்ட்ரோக்.

டூ ஸ்ட்ரோக்கின் சூட்சுமம் 1890 வாக்கில் இங்கிலாந்தின் ஜோசப் டே வகுத்தது. வால்வே கிடையாது. பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் அறைக்குள் போய், அங்கே அழுந்தி, பிறகு மேலே ஏறும். மிக எளிய இன்ஜின், விலையும் குறைவு. ஆனால் கிராங்க் அறையே பெட்ரோல் போகும் பாதை ஆகிவிட்டதால் அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க இடமில்லை. அதனால் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்தார்கள். பங்க்கில் 'டூ டி' ஆயிலுக்கென்று கைப்பம்ப் நின்றது பலருக்கும் நினைவிருக்கும். கலவை குறைந்தால் இன்ஜின் போச்சு, கூடினால் பிளக் போச்சு.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. 1983-ல் செகண்ட் ஹேண்டில் ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டி வாங்கியிருந்தேன். கம்பெனிப் பெயர் வேண்டாம், தவறு வண்டியுடையது அல்ல. ஊட்டியில் உறவினர் வீட்டு விசேஷம். மனைவியும் மூன்று வயது மகளும் பின்னால். திரும்பும்போது பைக்காரா தாண்டி, நடுவட்டம் தாண்டி, கூடலூர் இறக்கம் தொடங்கிவிட்டது. ஊட்டி 2,240 மீட்டர், கூடலூர் ஆயிரம் மீட்டரை ஒட்டி. அந்த வித்தியாசம் முழுவதும் கொண்டை ஊசி வளைவுகளாகக் கீழே விழுகிறது. பெட்ரோல் மிச்சம் என்ற நினைப்பில் ஆக்சிலேட்டரை முழுதாக மூடி, செகண்ட் கியரில் பிடித்து, பிரேக்குக்கும் வேலை வைக்காமல் இறங்கிக்கொண்டிருந்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு வேறு.

இறக்கத்தின் நடுவில் இன்ஜினில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. ஈரச் சாலை, இடப்பக்கம் பள்ளம். கை தானாகக் கிளட்சைப் பிடித்தது. சக்கரம் விடுபட்டது, வண்டி ஓரத்துப் புல்லில் போய் நின்றது. கிளட்ச் பிடிக்க ஒரு விநாடி தாமதித்திருந்தால் இந்தப் பதிவை எழுத நான் இல்லை. மகள் என்ன நடந்தது என்று தெரியாமல் சிரித்தாள். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. யானை நடமாடும் பாதை அது என்று இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கிக்கரை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி. அரை மணி நேரம் கழித்து வந்த காய்கறி லாரிக்காரர் எங்களையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டார். அந்த அண்ணன் பெயரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிக் காட்டினார். பிஸ்டன் ஓரத்தில் நெடுக உழுத கோடுகள், அலுமினியம் உருகி போரில் ஒட்டியிருந்தது.

"சேர், இறக்கத்துல ஆக்சிலேட்டரை முழுக்க மூடினீங்களா?"

"ஆமா மாஸ்டர். பெட்ரோல் மிச்சமாகுமே?"

"பெட்ரோல் மூடினா ஒயிலும் சேந்துதானே மூடுது? சக்கரம் எஞ்சினை வேகமா சுத்துது, உள்ள ஒரு சொட்டு ஒயில் இல்ல. வெறும் வாயில எவ்வளவு நேரம் பொரி தின்பீங்க?"

இத்தனை எளிய விஷயம். உலகத்தில் இது தெரியாத ஊரில்லை. ஸ்வீடனின் சாப் கம்பெனி தன் டூ ஸ்ட்ரோக் கார்களில் 'ஃப்ரீ வீல்' என்ற அமைப்பை வைத்ததே இதனால்தான். இறக்கத்தில் சக்கரம் இன்ஜினை இழுக்காது, சைக்கிள் மாதிரி சும்மா உருளும். நம் வண்டியில் அது இல்லாததால் மாஸ்டர் கை வைத்தியம் சொன்னார். இறக்கத்தில் இடையிடையே கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கி விட வேண்டும், அவ்வளவுதான். சிலிண்டரைக் கோவைக்கு அனுப்பி லேத்தில் ரீபோர் செய்து, ஓவர் சைஸ் பிஸ்டன் போட்டு வந்தது. என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போனது. அதன்பின் அந்த வண்டி பதினோரு ஆண்டு ஓடியது.

*

மறதி வந்த கதை

1984-லிருந்து 86-க்குள் நாட்டில் எல்லாம் மாறியது. ஓசூரிலிருந்து இண்ட்-சுஸுகி, 1985-ல் யமஹா ஆர்எக்ஸ் 100, பிறகு கவாஸாகி பஜாஜ். இவை டூ ஸ்ட்ரோக். அதே 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது, இது ஃபோர் ஸ்ட்ரோக். இதன் முன்னோர் 1958-ல் சோய்சிரோ ஹோண்டா கொண்டு வந்த சூப்பர் கப். டூ ஸ்ட்ரோக் புகையும் சத்தமும் அவருக்குப் பிடிக்காது. சோபாக் கடைப் பையனும் ஒரு கையால் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்பது அவர் கனவு. உலகிலேயே அதிகம் தயாரான மோட்டார் வாகனம் அதுதான், பத்துக் கோடியைத் தாண்டிவிட்டது.

சிடி 100-இன் 97.2 சிசி இன்ஜினில் ஆயில் தன் அறையில் தனியாக இருந்தது. பம்ப் தானாக அனுப்பியது. பெட்ரோலில் எதையும் கலக்க வேண்டாம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடினாலும் கிராங்க் சுற்றும் வரை பம்ப் சுற்றும், ஆயில் போகும். பெட்ரோலை நிரப்பு, மூடியைப் போடு, மறந்துவிடு என்ற பொருளில் வந்த அதன் விளம்பரம் அந்தக் காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்தது. அது சொன்னது மைலேஜைப் பற்றி. நாம் ஆயிலையும் சேர்த்து மறந்துவிட்டோம்.

வரலாற்று வாத்தியாராக எனக்குத் தோன்றுவது இதுதான். கைப்பம்ப் காலத்தில் மறந்தவன் அன்றே நடுவழியில் நின்றான். டூ ஸ்ட்ரோக் காலத்தில் மறந்தவன் அந்த வாரமே நின்றான். ஃபோர் ஸ்ட்ரோக்கில் மறந்தவனுக்கு ஒன்றரை ஆண்டு வரை தண்டனை வருவதில்லை. வரும்போது மொத்தமாக வருகிறது. தண்டனை தள்ளிப் போனால் பாடம் மனதில் நிற்காது என்பது வகுப்பறையில் நான் பார்த்த உண்மையும்கூட. ஆகவே என் மாணவனை நான் குறை சொல்லவில்லை.

*

நம் மலையில் இன்ஜின் ஏன் சீக்கிரம் தேய்கிறது?

இன்ஜின் தேய்வது வேகமாக ஓட்டுவதால் என்று நினைக்கிறோம். 1930-களில் இங்கிலாந்தில் மோட்டார் பொறியாளர்கள் சங்கம் சிலிண்டர் தேய்மானத்தை ஆராய்ந்தபோது வேறு ஒன்று தெரியவந்தது. குளிர்ந்த இன்ஜினை ஓட்டும்போதுதான் தேய்மானம் வெகு அதிகம். பெட்ரோல் எரிந்தால் நீராவி உண்டாகும். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் அந்த ஆவி அங்கேயே பனி மாதிரி படியும், எரிந்த வாயுக்களோடு சேர்ந்து அமிலமாகி இரும்பை அரிக்கும். அரித்த இடத்தை ரிங் வழித்துக்கொண்டு போகும்.

நம் வாழ்க்கையை இதில் பொருத்திப் பாருங்கள். காலை ஏழு மணிக் குளிரில் ஸ்டார்ட் செய்து, லைனிலிருந்து மஸ்டர் ஷெட் வரை ஒன்றரை கிலோமீட்டர். மாலையில் அங்கிருந்து பஜார் வரை இரண்டு கிலோமீட்டர். இன்ஜின் முழுச்சூடு ஏறுவதற்குள் அணைத்துவிடுகிறோம். உள்ளே தண்ணீர் சேர்கிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் கேட்கவே வேண்டாம். ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் பால் கலந்த காபி நிறத்தில் நுரை ஒட்டியிருக்கும். அது ஆயிலில் தண்ணீர்.

இரண்டாவது, உயரம். ஊட்டியில் காற்று சமவெளியைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மெலிசு. பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது, கீழே விட்ட பெட்ரோலையே மேலேயும் விடும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும், மிச்சம் ஆயிலில் கலந்து அதை நீர்க்க வைக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததிலிருந்து பெரும்பாலும் இன்ஜெக்ஷன் வண்டிகளே வருகின்றன. அவற்றில் சென்சார் பார்த்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் நம் சாலையில் கார்புரேட்டர் வண்டிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன.

மூன்றாவது, கோடைத் தூசி. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை எஸ்டேட் மண் சாலையில் முன்னால் ஜீப் போனால் சிவப்பு மேகம். அந்த மண்ணில் உள்ள மணல் துகள் ஏர் ஃபில்டரைத் தாண்டினால் உள்ளே போவது உப்புத்தாள்தான்.

நான்காவது, ஏற்றம். மூன்று பேர், ஒரு சிலிண்டர், ஹை கியரிலேயே இன்ஜின் திணறத் திணற ஏற்றுவது. மெதுவாகப் போவதால் காற்றும் அடிக்காது, சூடு தலைக்கேறும், கிளட்ச் பிளேட் கருகும்.

*

செய்ய வேண்டியவை (மாஸ்டர் சொன்னதும் நான் பட்டதும்)

1. வாரம் ஒரு நாள் ஆயில் அளவு பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் வண்டியை நேராக நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள். குச்சியைத் திருகிப் பார்ப்பதா, திருகாமலா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். அளவு குறைந்தால் ஆபத்து. போடாமலே அளவு கூடியிருந்தால் அதுவும் ஆபத்து, பெட்ரோல் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். முகர்ந்தால் தெரியும்.

2. ஆயில் கறுத்ததைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நல்ல ஆயில் அழுக்கைத் தன்னோடு சுமப்பதால்தான் கறுக்கிறது. கிலோமீட்டரையும் காலத்தையும் கணக்கு வையுங்கள். கையேட்டில் போட்டிருப்பது சாதாரண ஓட்டத்துக்கு. தினமும் குறுகிய தூரம், மலை, மழை என்றால் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. நான் மழைக்காலம் முடிந்ததும் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றிவிடுவேன். பால் காபி நிறம் தெரிந்தால் அன்றே.

3. கையேட்டில் சொன்ன கிரேடையே போடுங்கள். 10டபிள்யூ-30 என்றால் முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பது, இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது. குளிர்ந்த காலையில் மேலே ஏறும் வேகம் முதல் எண்ணில் இருக்கிறது. கெட்டி ஆயில் நல்லது என்று புல்லட் ஆயிலைச் சின்ன வண்டிக்கு ஊற்றாதீர்கள். கார் ஆயிலும் வேண்டாம். நம் வண்டியில் பெரும்பாலும் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே முங்கியிருக்கிறது, வழுக்கும். டப்பாவில் 'ஜாஸோ எம்ஏ' என்று இருக்கிறதா பாருங்கள்.

4. ஸ்டார்ட் செய்ததும் முறுக்காதீர்கள், நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவும் விடாதீர்கள். அரை நிமிடம், பிறகு முதல் கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுங்கள். சோக்கைச் சீக்கிரம் தள்ளிவிடுங்கள். வாரம் ஒரு தடவையாவது இன்ஜின் முழுச்சூடு ஏறும்படி கூடலூர் வரை போய் வாருங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகும்.

5. ஏர் ஃபில்டரைக் கோடையில் மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். ஸ்பாஞ்ச் என்றால் கழுவி, உலர்த்தி, லேசாக ஆயில் தடவிப் போடலாம். பேப்பர் என்றால் கழுவக் கூடாது, மாற்ற வேண்டும். ஃபில்டரே இல்லாமல் ஓட்டினால் இழுவை நன்றாக இருக்கிறது என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

6. புகையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. நீண்ட இறக்கம் முடிந்து ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் ஒரு குப்பென்று வந்தால் வால்வு கைடு, சீல் பக்கம் சந்தேகப்படுங்கள். ஏற்றத்தில் தொடர்ந்து வந்தால் ரிங், போர். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம். காலைக் குளிரில் சிறிது நேரம் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி, பயப்பட வேண்டாம். நீலப் புகை தொடங்கிய வாரமே காட்டினால் செலவு சிறியது.

7. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு, சாவியை அணைத்து உருட்டாதீர்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஏறிய கியரிலேயே இறங்குவதால் இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை, பிரேக்கும் பிழைக்கும். கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனவர்கள் கதை நமக்குத் தெரியும்.

8. ஆயில் மாற்றும்போது கூட நில்லுங்கள். டிரெயின் நட் வாஷர், ஃபில்டர் அல்லது வலை சுத்தம், டேப்பட். எல்லாம் உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். காலி டப்பாவைக் கிழித்துப் போடுங்கள், யாரும் கழிவு ஆயில் நிரப்பி விற்க முடியாது. பழைய ஆயிலை ஓடையில் ஊற்ற விடாதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் கீழ் லைன் குழந்தைகள் குடிக்கிறார்கள்.

*

ஒரு லிட்டர் ஆயில் ஏறக்குறைய ஒரு நாள் கூலி. அவனுக்கு ஆன செலவு இருபது நாள் கூலி. வேலைக்குப் போகாத நாட்களையும் பார்சல் ஓட்டாத மாலைகளையும் இதில் சேர்க்கவில்லை. இந்தக் கணக்குக்கு நான் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. அதோடு நம் ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு. பாடந்தொறை சாலையிலோ தேயிலைக் காட்டு வளைவிலோ அந்தி நேரத்தில் யானை முன்னால் நிற்கும்போது, வண்டி முதல் உதையில் ஸ்டார்ட் ஆக வேண்டும். அந்த இடத்தில் ஒரு லிட்டர் ஆயிலின் விலையை யாரும் பேரம் பேச மாட்டார்கள்.

மாஸ்டர் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கப்பலேறி வந்தபோது அவர் கொண்டு வந்த ஸ்பேனர் செட் மட்டும் அவர் பேரனிடம் இருக்கிறது.

என் மாணவன் வண்டி நேற்று வேலை முடிந்து வந்தது. முதல் ஐந்நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, உடனே ஆயில் மாற்று, புது ரிங் உதிர்க்கும் இரும்புப் பொடி அதில் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். என் பங்குக்குப் பேத்தியின் பழைய நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டான். பள்ளிக்கூடத்தில் ஹோம் ஒர்க் நோட்டை இவ்வளவு பயபக்தியோடு அவன் நீட்டி நான் பார்த்ததில்லை.

இதைப் படிக்கும் பிள்ளைகளே, இன்றைக்கு வண்டியை நேராக நிறுத்தி அந்தக் குச்சியை ஒரு தடவை வெளியே எடுத்துப் பாருங்கள். எவ்வளவு இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். இந்தத் தேர்வில் ஃபெயில் ஆனவர்களையும் பெஞ்சு மேல் நிற்க வைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார், தேவர்சோலை